தலைமையாசிரியர் வேலையிலிருந்து இலக்கவியல் பயிற்சிக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து பணி ஓய்வு பெற்றேன். இப்போது இந்த வட்டாரத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகள்) கைப்பேசி, இணையம், அரசாங்கச் செயலிகள் இவற்றைப் பயன்படுத்தச் சொல்லித் தருகிறேன். இளம் ஆசிரியர்கள், ஓய்வுபெறப் போகிற தலைமையாசிரியர்கள், பெற்றோர்கள் என்று பலரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் புலனத்தில் (வாட்ஸ்அப்) தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

என்னென்ன சொல்லித் தருகிறீர்கள்?

அன்றாடம் தேவைப்படுவதைத்தான். பிள்ளையின் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கைத் திறப்பது, ஊழியர் சேமநிதி வாரியச் செயலியில் சேமிப்பைப் பார்ப்பது, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான எஸ்.டி.ஆர் அரசாங்க உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, மின்கட்டணம் கட்டுவது, வங்கிச் செயலியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகளுக்குத் தமிழில் செய்தி எழுதுவது. இடம் கோயில் மண்டபமாக இருக்கும், பாலாய் ராயாவாக (பொதுமண்டபம்) இருக்கும், சில சமயம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலாகவும் இருக்கும். பக்கத்தில் நாடி மையம் இருந்தால் அங்கே போய்விடுவோம். அங்கே கணினியும் இணையமும் இருக்கும், உதவிக்கு ஊழியர்களும் இருப்பார்கள்.

தலைமையாசிரியராக இருந்தவர் இதற்குள் எப்படி வந்தீர்கள்?

கோவிட் பரவலால் 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பள்ளிகள் மூடின. வீட்டிலிருந்து கற்றல் கற்பித்தல் என்று சுற்றறிக்கை வந்தது. அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் நாங்கள்.

எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு திறன்பேசி. அதுவும் அப்பாவுடையது. அவர் காலையில் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். இரவு எட்டு மணிக்கு மேல்தான் பிள்ளை அதைத் தொடும். அதே கைப்பேசியில் மூன்று பிள்ளைகளின் மூன்று வகுப்புப் பாடமும் வந்து கிடக்கும். டாப்-அப் தீர்ந்திருந்தால் அன்றைக்குப் பாடம் இல்லை. ஆசிரியர்கள் பயிற்சித்தாள்களை அச்சடித்து மளிகைக்கடையில் கொடுத்து வைத்தார்கள். பெற்றோர் அரிசி வாங்க வரும்போது எடுத்துக்கொண்டு போனார்கள்.

கைப்பேசிகளை நன்கொடையாக வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சில நல்லவர்கள் கொடுக்கவும் செய்தார்கள். அப்புறம்தான் அடுத்த கதவு தெரிந்தது. பல அம்மாக்களுக்கு மின்னஞ்சல் முகவரி என்றால் என்னவென்று தெரியவில்லை. கைப்பேசி விற்ற கடைக்காரப் பையன் தானே ஒரு முகவரி உருவாக்கி, தானே ஒரு கடவுச்சொல் வைத்துக் கொடுத்திருப்பான். அந்தக் கடவுச்சொல் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளை எட்டு வயதில் தட்டித் தட்டித் தானே கற்றுக்கொண்டுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய அம்மாவுக்குத்தான் கையில் இருப்பது பூட்டிய பெட்டி.

அதே ஆண்டு அரசாங்கம் பிரிஹாத்தின் உதவித்தொகை கொடுத்தது. பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் வருமான வரி வாரியத்தின் இணையப்பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மைசெஜாத்ரா என்ற கோவிட் செயலி இல்லாமல் கடைக்குள் நுழைய முடியாத நிலையும் வந்தது. தோட்டத்துச் சனம் யாரிடம் போகும்? பள்ளிக்கூட வாசலுக்குத்தான் வந்தார்கள். அந்தக் காலத்தில் கடிதம் எழுதவும், அடையாள அட்டைப் பாரம் நிரப்பவும் தோட்டத்து வாத்தியாரிடமோ கிராணியிடமோ (அலுவலக எழுத்தர்) போவார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. நானும் நிரப்பிக் கொடுத்தேன். ஆனால் அடுத்த மாதம் அதே ஆட்கள் அதே கைப்பேசியோடு வரிசையில் நின்றார்கள். செய்து கொடுத்துக்கொண்டே இருந்தால் இந்த வரிசை குறையவே குறையாது என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறேன் என்ற முடிவும் அப்போதே ஆகிவிட்டது.

அதற்கு முன்பே உங்களுக்குக் கணினியில் ஆர்வம் இருந்ததா?

ஆர்வம் என்பதைவிட அவசியம். எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் இதை அலை அலையாகப் பார்த்தவர்கள். 1999-இல் கணினிவழிக் கற்பித்தலுக்கான பெஸ்தாரிப் பள்ளித் திட்டம் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் தொடங்கியபோது செய்தித்தாளில் படித்தோம். 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கச் சொன்னபோது மடிக்கணினியும் படவீழ்த்தியும் பள்ளிக்குள் வந்தன. பிறகு ஃபுரோக் மெய்நிகர் கற்றல் தளம் வந்தது, 2019-இல் அந்தத் திட்டம் முடிந்தது. 2020 ஜூனில் டெலிமா வந்தது. இதற்கிடையில் மாணவர் வருகைப் பதிவு முதல் உதவித்தொகைப் பட்டியல் வரை எல்லாம் ஏபிடிஎம் (மாணவர் தரவுத்தளம்) போன்ற இயங்கலைத் தளங்களுக்கு மாறிவிட்டது. சிறிய பள்ளியில் தலைமையாசிரியர் பாடமும் எடுக்க வேண்டும், இதையும் பார்க்க வேண்டும்.

இத்தனை தளங்கள் வந்து போனதைப் பார்த்தவள் என்பதால் ஒரு செயலியை மட்டும் மனப்பாடமாகச் சொல்லித்தர எனக்கு விருப்பமில்லை. அது அடுத்த ஆண்டு மாறிவிடும். கடவுச்சொல்லை எங்கே எழுதிப் பத்திரப்படுத்துவது, திரையில் வந்திருப்பதைப் படித்துவிட்டு அப்புறம் தொடுவது, தவறான பக்கத்துக்குப் போய்விட்டால் பதறாமல் எப்படித் திரும்புவது என்ற மூன்றும் பிடிபட்டால் எந்தச் செயலி வந்தாலும் சமாளித்துவிடுவார்கள்.

நகரத்துப் பயிற்சி வகுப்பே போதாதா? தோட்டப்புறத்துக்கென்று தனியாக எதற்கு?

போதாது. அதற்குக் காரணம் நூறு ஆண்டுக் கதை. 1912 தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்றது. அதனால் தோட்டத்துக்குத் தோட்டம் பள்ளி வந்தது. ஆயா கொட்டகையும் (குழந்தைக் காப்பகம்) கோயிலும் பள்ளியும் லயமும் ஒரே வளாகம். அந்த ஏற்பாட்டில் வெளியுலகத்தோடு பேச வேண்டிய எல்லா வேலையையும் யாரோ ஒருவர் தொழிலாளிக்காகச் செய்தார். சம்பளக் கணக்கு கிராணி, மருந்து டிரெசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்), கடிதம் வாத்தியார். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. மக்கள் மலிவுவிலை வீடுகளுக்குப் போனார்கள். நடுவில் நின்று செய்து கொடுத்தவர்கள் யாரும் கூடப் போகவில்லை. இன்றைக்கு அதே குடும்பத்தின் கையில் எல்லாவற்றையும் நீயே செய்துகொள் என்று ஒரு திறன்பேசி மட்டும் இருக்கிறது.

இன்னொன்று தொடர்பு வசதி. தோட்டம் தனியார் நிலம். கம்பி இழுக்கவும் கோபுரம் நடவும் நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். ஆள் குறைந்த இடத்துக்கு நிறுவனங்கள் விரும்பி வருவதும் இல்லை. செம்பனைக்கு நடுவே சில லயங்களில் ஒரு குறிப்பிட்ட மூலையில் நின்றால்தான் அலை கிடைக்கும். அந்த மூலை எது என்பது அங்கே இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

பள்ளிகளின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். 150 மாணவர்களுக்குக் குறைவாக இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பல அந்த வகைதான். இப்படிப்பட்ட பள்ளி மூடினால் ஊருக்கு ஒரு பள்ளி மட்டும் போகாது. கணினி அறை இருக்கும் ஒரே பொதுக்கட்டடமும் சேர்ந்து போய்விடும்.

தலைமையாசிரியர் அனுபவம் இதில் எந்த விதத்தில் உதவுகிறது?

முதலில் நம்பிக்கை. வங்கிச் செயலியை இன்னொருவர் முன்னால் திறப்பது சின்ன விஷயமா? “டீச்சர், என் மூத்தவன் உங்ககிட்டதான் படிச்சான்” என்று சொல்லிக்கொண்டே ஒரு அம்மா கைப்பேசியை நீட்டுகிறார். அந்த நம்பிக்கையை எந்தப் பயிற்சி நிறுவனமும் காசு கொடுத்து வாங்க முடியாது. அதனாலேயே நான் யாருடைய கடவுச்சொல்லையும் பார்ப்பதில்லை. தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன், மற்றவர்களையும் திருப்பிக்கொள்ளச் சொல்வேன். பாதுகாப்பைப் பற்றி நீளமாகப் பேசுவதைவிட இது அவர்களுக்கு நன்றாகப் புரிகிறது.

இரண்டாவது, மாவட்டக் கல்வி இலாகா, பள்ளி மேலாளர் வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம் இவர்களிடம் எப்படிப் பேசுவது, எந்தக் கடிதம் யாருக்கு முதலில் போக வேண்டும் என்பது தெரியும். மண்டபம் கிடைப்பதற்குப் பாதி வேலை அதுதான்.

ஆனால் வகுப்பறைப் பாணியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். முன்னால் நின்று எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்த முடியாது. நாற்பது ஆண்டு பால் வெட்டிய அம்மாவின் விரல்நுனி தேய்ந்து வறண்டிருக்கும். திரை அந்த விரலைச் சரியாக உணராது. கைரேகைப் பூட்டு திறக்காது. அவர் மூன்று முறை முயன்றுவிட்டு, தனக்கு அறிவு போதவில்லை என்று முடிவுகட்டிவிடுவார். கோளாறு அவரிடம் இல்லை. விரலை ஈரத்துணியில் லேசாக ஒற்றிக்கொள்ளச் சொல்வேன், கைரேகைக்குப் பதிலாக எண் பூட்டு வைத்துக் கொடுப்பேன், எழுத்தின் அளவைப் பெரிதாக்குவேன், மலிவான தொடுபேனா ஒன்று தருவேன். பாடம் அதற்கப்புறம்தான். இந்த முதல் பத்து நிமிடத்தைத் தாண்டாமல் எத்தனையோ பேர் தங்களால் முடியாது என்று எழுந்து போயிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் தாங்குவதில்லை.

எந்த மொழியில் நடத்துகிறீர்கள்?

தமிழில். ஆனால் அரசாங்கச் செயலிகளின் திரை மலாயில் இருக்கும். பெரியவர்கள் சந்தையில் மலாய் சரளமாகப் பேசுவார்கள், படிக்கச் சிரமப்படுவார்கள். அதனால் திரையில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை மட்டும் ஓர் அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். லோக் மாசோக் (உள்நுழைக), காத்தா லாலுவான் (கடவுச்சொல்), ஹந்தார் (அனுப்புக), பத்தால் (ரத்து செய்க), சாஹ்கான் (உறுதி செய்க). பக்கத்திலேயே அதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று ஒரு வரி. சாஹ்கானை அழுத்தினால் பணம் போய்விடும், பத்தாலை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. இந்த வேறுபாடு தெரிந்தவுடன் பாதிப் பயம் போய்விடுகிறது.

தமிழில் எழுதுவதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவேன். முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் 1985-இல் இந்த மலேசிய மண்ணில் பிறந்தது. கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் செல்லினம் 2005-இல் வந்தது. இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு நிமிர்வு வரும். ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய ஒரு பாட்டி, பேரனுக்குச் ‘சாப்பிட்டாயா’ என்று தானே தட்டி அனுப்பிவிட்டால் அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரியையும் அழைத்துக்கொண்டு வருவார். ஆகவே தமிழ்த் தட்டச்சைப் பொழுதுபோக்காக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பலருக்கு உள்ளே வரும் வழியே அதுதான்.

ஆண்கள் வருகிறார்களா?

முன்பெல்லாம் வரமாட்டார்கள். 2024 மே 11-ஆம் தேதி ஊழியர் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பிளெக்சிபல் கணக்கு வந்ததே, அப்போது வந்தார்கள். புதிதாகச் சேரும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு பிளெக்சிபல் கணக்குக்கும் போகிறது. குறைந்தது 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம். பணம் எடுக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் முதலில் மொத்தச் சேமிப்பைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். முதலாளி சந்தா கட்டாமல் விட்ட மாதங்கள் சிலருக்கு அன்றுதான் தெரிந்தன. எடுக்க வந்த தொகையைவிட அது பெரிய தொகை.

மோசடியைப் பற்றி என்ன சொல்லித் தருகிறீர்கள்?

இதற்குத்தான் மிக அதிக நேரம் கொடுக்கிறேன். எங்கள் பகுதியில் நான் கேள்விப்படுபவை பெரும்பாலும் நான்கு வகை. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் புலனத்தில் வரும் ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு). அதைத் திறந்து நிறுவினால் கைப்பேசியே அடுத்தவன் கைக்குப் போய்விடும். இரண்டாவது, போலீஸ், நீதிமன்றம், வருமான வரி என்று மிரட்டி வரும் அழைப்பு. மூன்றாவது, முன்பணம் கேட்கும் கடன் விளம்பரம். நான்காவதுதான் என்னை உறங்கவிடாதது. படித்து முடித்து வேலை தேடும் நம் பிள்ளைகளிடம் சில நூறு வெள்ளி கொடுத்து வங்கிக்கணக்கையும் அட்டையையும் வாங்கிக்கொள்கிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். பிடிபடுவது பிள்ளை. வழக்கும் அவன் மேல்தான். இதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கணக்கை இரவல் கொடுப்பது குற்றம்.

அழைப்பு வந்தால் வாதாட வேண்டாம், துண்டித்துவிடுங்கள். வங்கி அட்டையின் பின்பக்கம் இருக்கும் எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள். யாருக்காவது பணம் அனுப்பும் முன் அவர்களின் கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 997-ஐ அழையுங்கள். அது 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். பிறகு போலீஸ் புகார். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் மறைத்து வைத்தால் பணம் பல கணக்குகள் தாண்டிவிடும். அதனால் வீட்டில் ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கப் பயந்தே பலர் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

பிள்ளை எப்போதும் கைப்பேசியோடு இருக்கிறான். நீங்கள் அதை ஊக்குவிப்பது சரியா?

பார்ப்பது வேறு, செய்வது வேறு. காணொளி பார்த்துக்கொண்டே இருப்பதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் இடைநிலைப்பள்ளியில் 2017 முதல் படிவம் 1-லேயே கணினி அறிவியல் அடிப்படைப் பாடம் இருக்கிறது. பள்ளியைப் பொறுத்துச் சிலருக்கு அது, சிலருக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும். விசைப்பலகையையே தொடாத தோட்டத்துப் பிள்ளை, வீட்டில் கணினி உள்ள பிள்ளையோடு அங்கே போய் உட்காரும். ஆறாம் ஆண்டுக்குள் தட்டச்சு செய்யவும், கோப்பைச் சேமித்துத் திரும்பத் தேடி எடுக்கவும், ஸ்கிராட்ச் என்ற சிறுவர் நிரலாக்கக் கருவியில் ஒரு சின்ன விளையாட்டு செய்யவும் தெரிந்திருந்தால் அந்த இடைவெளி குறையும். வீட்டிலே பிள்ளைக்கு வேலை கொடுங்கள். தாத்தா பிரட்டுக்களத்தை (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) பற்றிச் சொல்வதைப் பதிவு செய்யட்டும், மாதச் செலவை ஓர் அட்டவணையில் போடட்டும்.

இதில் வருமானம் உண்டா?

நான் கட்டணம் வாங்குவதில்லை. எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது. வருமானம் வேண்டும் என்றால் எச்ஆர்டி கார்ப் (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) பயிற்றுநர் சான்றிதழ் எடுத்துக்கொண்டு நிறுவனங்களுக்குப் பயிற்சி நடத்தலாம். இன்னும் அரசுப் பணியில் இருப்பவர்கள் சம்பளத்துக்கு வெளிவேலை செய்ய முன்அனுமதி பெற வேண்டும். 1993 அரசு ஊழியர் நடத்தை விதிமுறைகள் அதில் தெளிவாக இருக்கின்றன. கட்டாய ஓய்வு வயது 60 என்பதால், ஐம்பதுகளிலேயே சனிக்கிழமைகளில் தன்னார்வமாகத் தொடங்கிவிட்டால் ஓய்வு பெறும்போது வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும்.

அரசாங்கத்திடமும் தோட்ட நிர்வாகத்திடமும் என்ன கேட்கிறீர்கள்?

ஒன்றுதான். பள்ளிக் கணினி அறைகளைத் திறந்து விடுங்கள். பிற்பகல் பூட்டினால் மறுநாள் காலை வரை, வியாழன் பூட்டினால் ஞாயிறு வரை அந்தக் கணினிகள் சும்மா இருக்கின்றன. (கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்.) இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பெண் வேலைக்கு விண்ணப்பிக்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். பாதுகாப்பு, மின்கட்டணம், யார் பொறுப்பு என்ற கேள்விகள் நியாயமானவை. நானும் தலைமையாசிரியராக அந்தச் சாவியை வைத்திருந்தவள்தான். மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பொறுப்பேற்று எழுத்தில் கொடுத்தால், மாவட்டக் கல்வி இலாகாவிடம் அனுமதி கேட்க வழி இருக்கிறது. 2023-இல் அறிவிக்கப்பட்ட இலக்கவியல் கல்விக் கொள்கை பேசும் இலக்கவியல் சரளம், வீட்டில் அம்மாவுக்கு எட்டாமல் பிள்ளைக்கு மட்டும் எட்டாது. தோட்ட நிர்வாகத்திடம் கேட்பது இன்னும் சின்னது: லயத்துக்குக் கம்பி இழுக்க ஒரு கையெழுத்து.

நான் இளம் ஆசிரியர். எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரே தெரு, ஒரே வேலை. பத்துச் செயலிகளை அறிமுகப்படுத்தும் கருத்தரங்கு வேண்டாம். அந்தத் தெருவில் எல்லோருக்கும் இந்த மாதம் எது தேவை என்று கேளுங்கள். எஸ்.டி.ஆர் விண்ணப்பக் காலமா, பள்ளிச் சேர்க்கையா, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தடுமாறும்போது கைப்பேசியை வாங்கி நீங்கள் அழுத்தாதீர்கள். கஷ்டம்தான், எனக்கும் விரல் துடிக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். பதினைந்து நிமிடம் ஆனாலும் அவர்களே முடிக்கட்டும்.

எங்கள் ஊருக்கு வருவீர்களா?

வடக்கே குருண் வரைக்கும், தெற்கே கூலிம் வரைக்கும் வருகிறேன். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். மின்இணைப்புக்கு நீட்டிப்புக் கம்பி வேண்டும். ஒவ்வொருவரும் மின்னேற்றிய கைப்பேசியும் மைகார்டும் (அடையாள அட்டை) கொண்டு வர வேண்டும். மின்னஞ்சல் கடவுச்சொல் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் அதை மீட்பதே முதல் பாடம். அப்புறம், உங்கள் ஊரிலிருந்து ஒருவர், படிவம் 5 முடித்த பிள்ளையானாலும் சரி, வகுப்பு முழுவதும் என் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் போன பிறகு அடுத்த வாரம் கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லப் போவது அந்தப் பிள்ளைதான். அவர் யார் என்று முடிவு செய்துவிட்டு எனக்கு அழைப்பு கொடுங்கள்.